ஆழத்தின் திசை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய மாடி வீடொன்றில் அந்த நீர் ஆய்வு மையம் நடந்துவந்தது. கீழ்த்தளம் முழுக்க மண் மாதிரிகளும் தண்ணீர்ப் புட்டிகளும் இருந்தன. கணினி அறை மாடியில். மையத்திலேயே ஏசி உள்ள அறை அது ஒன்றுதான் என்பதால் கோடையில் எல்லாருக்கும் அங்கே ஏதாவது வேலை வந்துவிடும். தை மாதத்தில் லின்சி மட்டும்தான் இருப்பாள்.

லின்சிக்கு ஊர் திருக்காட்டுப்பள்ளி. அப்பா குழந்தைராஜ் ஆற்றுப்பாசனத்தில் சம்பா போடுகிறவர். லின்சி திருச்சியில் இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் கொஞ்ச காலம் படித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவன் டேவிட்சன், தரங்கம்பாடிக்காரன். இரண்டாயிரம் பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தப்பாக எண்ணிவிடும் என்று உலகத்துக் கம்பெனிகளெல்லாம் பயந்துகொண்டிருந்த நேரம் அது. நிரல் எழுதத் தெரிந்த பையன்களை அமெரிக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. டேவிட்சனுக்கும் விசா வந்தது. அவன் கிளம்புவதற்கு முன் சில வாரங்கள் இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். அந்தச் சில வாரங்களில் பேச்சு கல்யாணம் வரைக்கும் போய்விட்டது. அவன் லுத்தரன் சபை, அவள் கத்தோலிக்கம். அதனால் இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். பிறகு அதுவும் சரியாயிற்று. அவன் நியூஜெர்சிக்குப் போனான். அவள் அவன் விட்ட வேலையைத் தொடர்ந்தாள்.

வேலை இதுதான். வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் ஊர்களில் நிலத்தடியில் எங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது, எங்கே உப்பு ஏறியிருக்கிறது என்று வரைபடம் தயாரிக்க வேண்டும். கடலையும் காற்றையும் ஆராய்கிறவர்களுக்காக அமெரிக்காவில் எழுதப்பட்டு, இலவசமாகக் கிடைத்த மென்பொருள் ஒன்றை டேவிட்சன் கொண்டுவந்து போட்டிருந்தான். அதில் எந்த அளவீட்டையும் ஒரு கட்டத்துக்குள் வைக்க வேண்டும். கட்டத்துக்கு நான்கு அச்சுகள். கிழக்கு மேற்காக ஒன்று, தெற்கு வடக்காக ஒன்று, ஆழத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று. ஒவ்வோர் அச்சும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, என்ன அலகு, எந்தப் பக்கமாகப் போனால் கூடுகிறது என்று மனிதர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நான்கையும் வைத்து மென்பொருள் எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் நிலத்தை வெட்டிக் காட்டும்.

அப்படி வெட்டிக் காட்டிய படம் ஒன்று இயக்குநர் நாகநாதனின் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சவுக்குத்திடல் என்ற ஊரின் படம். மேலே சிவப்பு, கீழே நீலம். மேலே உப்பு, ஆழத்தில் நல்ல தண்ணீர் என்று அர்த்தம். அதை நம்பித்தான் அந்த ஊரின் மணல்மேட்டில் ஆழ்துளைக் கிணறு போட அனுமதி வாங்கியிருந்தார்கள். சவுக்குத்திடல் பெண்கள் பல வருஷமாகத் தண்ணீருக்காக மனு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். போர் வண்டி ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் துளை போடத் தொடங்குவதாக ஏற்பாடு.

“லின்சி, நாளைக்கு அதிகாரிங்கல்லாம் வர்றாங்க. மழைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, மழைக்குப் பின்னாடி எப்படி மாறுச்சுன்னு ரெண்டு படம் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு கலர் பிரிண்ட் எடுத்துடும்மா” என்று நாகநாதன் மத்தியானம் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. இதுவரை ஆழ அச்சை வைத்துத்தான் படம் போட்டிருந்தார்கள். கால அச்சை யாரும் தொடவில்லை. லின்சி கட்டளைகளை அடித்தாள். இரண்டு படங்களும் திரையில் வந்தன. பிரிண்டருக்கு அனுப்பப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மழைக்கு முன்னும் பின்னும் மேல்மட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடியாழத்தில் மட்டும் நீலம் விரிந்திருந்தது.

மழை மேலேயிருந்துதான் பெய்கிறது. மணலில் இறங்குகிற தண்ணீர் முதலில் மேல்மட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். அத்தனை மழையும் மேலே ஒரு சுவடு வைக்காமல் நேராக அடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டத்தின் விவரத்தைக் காட்டும்படி மென்பொருளிடம் கேட்டாள்.

கிழக்கு மேற்கு அச்சுக்கு அலகு இருந்தது. தெற்கு வடக்குக்கும் இருந்தது. காலத்துக்குத் தேதிகள் இருந்தன. ஆழத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்கள்தான். மீட்டர் என்றோ, கீழே போகப் போகக் கூடும் என்றோ யாரும் அதற்குச் சொல்லவில்லை. சொல்லாததால் மென்பொருள், கோப்பில் வந்த முதல் வரியைத் தரைமட்டம் என்று எடுத்துக்கொண்டு அடுக்கியிருந்தது. அந்தக் கோப்பு, பல வருஷங்களுக்கு முன் மணல்மேட்டில் துளை போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் பார்த்த ஒரு குழுவின் அளவீடு. அவர்கள் மேலிருந்து எழுதினார்களா, அடியிலிருந்து எழுதினார்களா?

அடியிலிருந்து என்றால் சுவரில் மாட்டியிருக்கும் படம் தலைகீழ்.

அந்தக் குழு கலைந்துபோய் வெகு காலம் ஆகியிருந்தது. கோப்பைத் தட்டி ஏற்றியவனுக்குத்தான் தெரியும். லின்சி சாயங்காலம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனாள். அங்கே அவனுக்கு அப்போதுதான் காலை.

“என்ன, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?” என்றான் டேவிட்சன். குரலில் சந்தோஷம் இருந்தது.

“ஒண்ணு கேக்கணும். சவுக்குத்திடல் பழைய டேட்டா ஏத்துனீங்களே, அது மேலேர்ந்து கீழயா, கீழேர்ந்து மேலயா?”

அவன் யோசித்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவர் தன் முறைக்காகக் காத்து நின்றார்.

“கீழேர்ந்து மேல. அவங்க அப்படித்தான் எழுதியிருந்தாங்க. நான் இருக்குறபடியே ஏத்திட்டேன். அப்புறமா ஆக்ஸிஸைத் திருப்பிக்கலாம்னு…” பாதியில் நிறுத்தினான். “திருப்பலையா?”

“இல்லை. ஆக்ஸிஸே டிஃபைன் பண்ணலை. வெறும் நம்பர்தான் இருக்கு.”

“விசா வந்த வாரம் அது” என்றான் மெதுவாக.

“அதை வச்சு நாளைக்குப் போர் போடப் போறாங்க. மேலதான் நல்ல தண்ணி இருக்கு. அடியில உப்பு. ஓட்டை போட்டா உப்பு மேல ஏறி, இருக்குற நல்ல தண்ணியும் போயிடும். காலையில சார்கிட்ட சொல்லணும்.”

“லின்சி, எனக்கு இங்க பேப்பர்ஸ் ஓடிக்கிட்டிருக்கு. நாகநாதன் சார் அனுபவச் சான்று குடுத்தாத்தான் அடுத்த வேலை. என் பேர் வராம சொல்ல முடியுமா?”

“யார் ஏத்துனதுன்னு கேட்டா?”

“தெரியலைன்னு சொல்லேன்.”

அவள் ரிசீவரைக் கொஞ்சம் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். “ஒரு வருஷமா நானும் அதைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். நானும் பாக்கலைன்னு சொல்லுவேன். ஆனா தெரியலைன்னு சொல்ல என்னால முடியாது” என்றாள்.

“யோசிக்கிறேன்” என்றான். போன் வைக்கப்பட்டது.

மையத்துக்குத் திரும்பி, ஆழ அச்சைத் திருத்திப் புதுப் படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, திருக்காட்டுப்பள்ளி பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அறுவடைக்கு நின்ற வயல்கள் இருட்டிக்கொண்டு வந்தன. வீட்டில் அம்மா கேட்டதற்குத் தலைவலி என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குச் சம்மதித்த ஒருவனை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது போல இருந்தது அவளுக்கு. அது பிடிக்கவும் இல்லை.

விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்து நாகநாதன் வீட்டுக்குப் போனாள். வாசலில் மையத்தின் ஜீப் நின்றது. அவர் சட்டை போட்டு, செருப்புப் போட்டுத் தயாராக இருந்தார். முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது.

“வா. டேவிட்சன் போன் பண்ணினான்” என்றார்.

லின்சி படியேறாமல் வாசலிலேயே நின்றாள்.

“முழுசும் சொன்னான். தப்பு தன்னோடதுன்னான். கண்டுபிடிச்சது நீன்னான். சான்று குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம், ஆனா போரை நிறுத்துங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவன் சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு. அச்சைத் திருப்பிப் போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன் சார். மீட்டர்னு குடுத்து, கீழ போகப் போகக் கூடும்னு டிஃபைன் பண்ணி, புதுசா கிரிட் போட்டேன்.”

“மழை எங்க தெரியுது?”

“மேல தெரியுது சார். அடியில அசைவே இல்லை.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்தப் படத்துல கையெழுத்து போட்டவன் நான். மழையைப் பத்தி நான் கேட்டிருக்கணும்” என்றார். பிறகு, “ஏறு” என்றார்.

ஜீப் நாகப்பட்டினம் சாலையில் போயிற்று. திருவாரூரில் நிறுத்தி அவர் ஒரு பூத்திலிருந்து அதிகாரிக்குப் போன் செய்தார். எழுத்தில் கொடுத்தால் நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கலாம், வண்டியை நிறுத்துவது உங்கள் பாடு என்று பதில் வந்ததாம்.

சவுக்குத்திடலில் வீடுகள் பள்ளத்தில், உப்பாற்றின் பக்கமாக இருந்தன. ஊருக்குக் கிழக்கே சவுக்கு மரங்கள் நின்ற மணல்மேடு. மேடு என்றால் காய்ந்த இடம் என்று யாரும் அங்கே கிணறு வெட்டிப் பார்த்ததில்லை. எல்லாக் கிணறும் பள்ளத்தில்தான். எல்லாவற்றிலும் உப்புதான். லாரித் தண்ணீர் வராத நாளில் பெண்கள் அடுத்த ஊர்க் குளத்துக்கு நடப்பார்கள்.

ஜீப் மேட்டில் ஏறியபோது போர் வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரே அங்கே இருந்தது. வண்டிக்காரர் பக்கிரி இயந்திரத்தை ஓட்டத் தயாராகப் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

“பக்கிரி, நிறுத்துங்க. இன்னிக்கு வேணாம்” என்றார் நாகநாதன்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தொட்டுக் கும்பிடவில்லை.

கூட்டத்தில் முன்னால் நின்றவர் மரியபுஷ்பம். மனு எழுதியதும், பெண்களைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு நடையாய் நடந்ததும் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். களை எடுத்துக் காய்த்த கைகள்.

“ஏங்கய்யா? என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“கணக்குல ஒரு தப்பு நடந்திருக்கு. இங்க ஆழமாப் போனா உப்புதான் வரும்.”

கூட்டம் கலைந்த தேன்கூடு மாதிரி ஆயிற்று. வேறு ஊருக்கு வண்டியைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்றார் ஒருவர். எவனோ சிபாரிசு பண்ணியிருக்கிறான் என்றார் இன்னொருவர். பக்கிரி, “எனக்கு நாளைக்கு மன்னார்குடியில வேலை இருக்கு. போடலைன்னா நான் கிளம்புறேன்” என்று கயிற்றை அவிழ்க்கப் போனார். மரியபுஷ்பம் வண்டிக்குள் கையை விட்டுச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“யாரும் எங்கயும் போக வேணாம். வெவரத்தைச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்.”

நாகநாதன் லின்சியைப் பார்த்தார். அவள் மணலிலேயே உட்கார்ந்தாள். பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். கைப்பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மணலில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்கச் செருப்பை மேலே வைத்தாள்.

“அக்கா, இந்த மேட்டை ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு குழு ஓட்டை போட்டுப் பாத்திருக்காங்க. ஒவ்வொரு ஆழத்துலயும் தண்ணி எப்படின்னு எழுதினாங்க. ஆனா அடியிலேர்ந்து மேல எழுதிக்கிட்டு வந்திருக்காங்க. நாங்க அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ, எது மேல எது கீழன்னு அதுக்குச் சொல்லலை. அது முதல் வரியை மேலன்னு எடுத்துக்கிச்சு. அதனால படம் தலைகீழா வந்துடுச்சு. நல்ல தண்ணி மேல இருக்கு. அதை நாங்க கீழன்னு சொல்லிட்டோம்.”

“யாரு ஏத்தினது?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“டேவிட்சன்னு ஒருத்தர். நான் கட்டிக்கப் போறவர். அவருக்கப்புறம் ஒரு வருஷமா நான். ரெண்டு பேரும் பாக்கலை.”

யாரோ சிரித்தார்கள். கோபத்தில் வந்த சிரிப்பா என்று தெரியவில்லை. மரியபுஷ்பம் சிரிக்கவில்லை.

“நேத்து வரைக்கும் கீழதான் நல்ல தண்ணின்னு படம் காட்டுனீங்க. இன்னிக்கு மேலங்கிறே. இதுதான் சரின்னு நாங்க எப்படி நம்புறது?”

லின்சி படங்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள். படத்தை மறுபடியும் காட்டுவதில் பயன் இல்லை என்று தெரிந்தது. மழையைப் பற்றிச் சொல்லலாம். சொன்னாலும் அது இன்னொரு பேச்சுதான்.

“நம்ப வேணாம்க்கா. தோண்டிப் பாத்துடலாம். ஆழமில்லை. ரெண்டு ஆள் உயரம் இருக்கும். மண்வெட்டி போதும்.”

“அதுல தண்ணி வரலைன்னா?”

“வரலைன்னா வண்டி இங்கதானே நிக்குது. சாவி உங்ககிட்டதானே இருக்கு” என்றார் நாகநாதன்.

மரியபுஷ்பம் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார். “ஐயாவு, மண்வெட்டியை எடுத்துட்டு வா. உன் தம்பியையும் கூப்பிடு” என்று கொழுந்தனுக்குக் குரல் கொடுத்தார்.

மணலில் சும்மா தோண்டினால் சரிந்துவிடும். வேளாங்கண்ணியிலிருந்து சிமெண்டு உறைகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஓர் உறையை வைத்து, உள்ளே இறங்கி மணலை வாரினால் உறை தானாக இறங்கும். அதன்மேல் அடுத்த உறை. எந்த இடத்தில் தோண்டுவது என்று லின்சி நாடாவைப் பிடித்து அளந்து, படத்தில் நீலம் தடிப்பாக இருந்த இடமாகப் பார்த்துச் சவுக்குக் குச்சியை நட்டாள். அச்சு சரி என்று தெரியும். ஆனால் அந்தப் பழைய துளைகள் இருந்த இடத்தையே யாராவது தப்பாக எழுதியிருந்தால்? கிழக்கு மேற்கும் அவள் குறித்ததல்லவே, யாரோ எழுதி வைத்ததுதானே?

சும்மா நிற்க முடியாமல் பக்கிரியும் சட்டையைக் கழற்றிவிட்டு மணல் கூடையை இழுத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளே இருந்த ஐயாவு, “ஈரம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கால் நனையுது” என்றார்.

வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஒரு குடத்தில் எடுத்துத் தெளிய வைத்தார்கள். லின்சி உப்பு அளக்கும் மீட்டரை எடுத்து அதன் முனையைத் துடைத்தாள். எண் நிலைத்து நிற்கச் சற்று நேரமாகும். அதற்குள் மரியபுஷ்பம் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார்.

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் விழுங்கிவிட்டு, இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

“இதுல பருப்பு வேகும்” என்றார்.

பெண்கள் குடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மீட்டர் என்ன சொல்கிறது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. நாகநாதன் மட்டும் அருகே வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு லின்சியின் தோளைத் தட்டினார். மரியபுஷ்பம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பக்கிரியிடம் கொடுத்து, “டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க. இன்னிக்குத்தான் எங்க ஊர் டீயில பால் திரியாம இருக்கப்போவுது” என்றார்.

அன்று திரும்பும்போது லின்சி திருவாரூரிலேயே ஜீப்பை நிறுத்தச் சொல்லி டேவிட்சனுக்குப் போன் செய்தாள்.

“தண்ணி வந்துச்சு” என்றாள்.

“நல்லதா?”

“நல்லது.”

பிறகு அவன், “நேத்து உங்கிட்ட அப்படிச் சொல்லிட்டு வச்சதும் ஆபீஸ்ல போய் உக்காந்தேன். ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியலை” என்றான். அவள் விசும்பியதைக் கேட்டு, “அழாதே” என்றான். “அழலை” என்றாள் அவள் அழுதுகொண்டே.

நாகநாதன் அனுபவச் சான்றை அடுத்த வாரமே அனுப்பிவிட்டார். அறிக்கையைத் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுத்தபோது சில கூட்டங்களில் அவருக்கு நல்ல பேச்சு கிடைக்கவில்லை. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனாரோ என்னவோ, அலுவலகத்துக்குக் கொண்டுவரவில்லை. சுவரில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை லின்சியிடம் கொடுத்தார். புதிய படத்தைப் போட்டு மாட்டச் சொன்னார். அவள் மாட்டவில்லை. ஒரு கோடை போகட்டும் சார் என்றாள்.

மையத்தின் எல்லாக் கோப்புகளையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து, அச்சுகளை மறுபடி வரையறுத்தாள். அலகு இல்லாத அச்சு இனி எந்தக் கட்டத்திலும் நுழையக் கூடாது என்று வைத்துக்கொண்டாள். ஆழத்துக்குத் திசை சொல்லாவிட்டால் மென்பொருள் எச்சரிக்கை தர வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பினாள். அவர்கள் இரண்டு வரியில் நன்றி எழுதினார்கள். அடுத்த பதிப்பில் அந்த எச்சரிக்கை வந்தது.

மேட்டில் மேலும் சில உறைக்கிணறுகள் இறங்கின. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது, வேகமாக இழுத்தால் அடியிலுள்ளது மேலேறிவிடும், அதனால் மோட்டார் வேண்டாம், அடிபம்பு மட்டும் போதும் என்று லின்சி சொல்லியிருந்தாள். சித்திரையில் ஒருவர் தன் முந்திரித் தோப்புக்காகத் தெற்குக் கிணற்றில் ஆயில் இன்ஜினை வைத்துவிட்டார். அடுத்த மாதம் அளக்கப் போனபோது அந்தக் கிணறு கரித்தது. லின்சி மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். இதற்காகவா என்று இருந்தது. மரியபுஷ்பம் பெண்களோடு போய் இன்ஜினைத் தூக்கி அந்த ஆளின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். பெரிய சண்டை. பேச்சுவார்த்தை. கடைசியில் தோப்புக்காரர் மரங்களுக்குப் பானை வைத்துச் சொட்டுத் தண்ணீர் விடச் சம்மதித்தார். மற்றக் கிணறுகள் வைகாசி முழுக்கத் தாங்கின. ஐப்பசி மழைக்குப் பிறகு தெற்குக் கிணறும் தெளிந்தது. கால அச்சில் ஒவ்வொரு மாதமாக அவள் சேர்த்துக்கொண்டே வந்தாள். படத்தில் நீலம் கோடையில் மெலிந்து, மழையில் தடித்தது. மேலேதான்.

டேவிட்சனுக்கு அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்தது. உலகத்தில் பெரிதாக ஒன்றும் நின்றுபோகவில்லை. அவனைப் போலப் போயிருந்த பலருக்கும் அதோடு வேலை முடிந்தது. அடுத்த வேலைக்கு இன்னொரு கம்பெனி அவனைக் கேட்டது. வேண்டாம் என்று எழுதிவிட்டு, பொங்கல் முடிந்த கையோடு வந்து இறங்கினான். அமெரிக்காவை விட்டுவிட்டு வந்தவன் என்று தரங்கம்பாடியில் அவன் காதுபடவே பேசினார்கள். சென்னையில் ஒரு கம்பெனியில் பேசி வைத்திருந்தான். லின்சி கடலோரம் முழுவதற்குமான கட்டத்தை முடிக்கும் வரை தஞ்சாவூரை விட்டு வரமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். வாரக் கடைசியில் நான் பஸ் ஏறி வந்துவிட்டுப் போகிறேன் என்று அவனும் சொல்லியிருந்தான்.

கல்யாணம் முடிந்து வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இருவரும் சவுக்குத்திடலுக்குப் போனார்கள். போக வேண்டும் என்று சொன்னது டேவிட்சன்தான். ஆனால் மேடு கண்ணில் பட்டதும் நடை மெதுவாயிற்று.

“திரும்பிடலாமா?” என்று கேட்டாள் லின்சி.

“வேணாம், வா.”

பம்படியில் மரியபுஷ்பம் இருந்தார். புதுப் புடவையில் வந்த லின்சியை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“தலைகீழா ஏத்தினது நீதானாப்பா?”

“ஆமாங்கக்கா, நான்தான்.”

“நீயே பெரியவருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டியாமே. இந்தப் பொண்ணு சொல்லுச்சு.”

“அவ கேட்டதும் சொல்லலை. கொஞ்சம் கழிச்சுத்தான் சொன்னேன்.”

மரியபுஷ்பம் அதைக் காதில் வாங்கிக்கொண்டு குடத்தை நிரப்பி முடித்தார். லின்சி குடத்தைத் தூக்கக் குனிந்தாள். அவர் அவள் கையைத் தள்ளிவிட்டு டேவிட்சனைக் காட்டினார்.

“அவன் தூக்கட்டும். வீடு கீழதான். மீன் வாங்கி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போங்க.”

டேவிட்சன் குடத்தைத் தோளில் ஏற்றினான். பழக்கமில்லாததால் பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது. பெண்கள் சிரித்தார்கள். லின்சியும் சிரித்தாள். அவன் சரியாகப் பிடித்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய அவர்கள் பின்னால் நடந்தான்.